இயல்பு என்று எழுதினேன்

2006 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லேபர் வார்டிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்று எங்கள் லேபுக்கு வந்தது. கைப்பிடியில் கட்டியிருந்த சீட்டில் 'அஞ்சலி, வயது 26, கோவளம். முப்பத்து நான்காவது வாரம். குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது' என்று எழுதியிருந்தது. உள்ளே, கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் அமிழ்ந்தபடி அவளுடைய நஞ்சுக்கொடி.

அப்போது நான் தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் பேத்தாலஜிஸ்டாக இருந்தேன். உடம்பிலிருந்து வெட்டி எடுத்ததை அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று எழுதிக்கொடுக்கும் வேலை. நோயாளிகள் எங்களைப் பார்ப்பதில்லை. நாங்களும் அவர்களைப் பார்ப்பதில்லை. சீட்டில் இருக்கும் பெயர்தான் எங்களுக்கு ஆள்.

நஞ்சுக்கொடி எங்கள் வரிசையில் எப்போதும் கடைசி. மார்பில் கட்டி, கழுத்தில் கட்டி என்று வருவதற்கு மறுநாளே பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலுக்காக ஒரு குடும்பமே வெளியே நாற்காலியில் காத்திருக்கும். நஞ்சுக்கொடிக்கு யாரும் காத்திருப்பதில்லை. குழந்தை பிறந்துவிட்டது, அல்லது இறந்துவிட்டது. இனி அதில் பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் பொது எண்ணம். என்னுடைய எண்ணமும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

வாளியிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்தபோது லேப் டெக்னீஷியன் ஜெபராஜ்தான் முதலில் சொன்னார்.

"மேடம், இன்னா இது, அட்டை கணக்கா வெறப்பா கீது?"

ஃபார்மலினில் ஊறினால் எதுவும் கொஞ்சம் இறுகும். ஆனால் நல்ல நஞ்சுக்கொடி அப்போதும் கையில் வளையும். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். இது வளையவில்லை. தாயின் கருப்பையோடு ஒட்டியிருந்த பக்கம் முழுக்கத் தடித்த, மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம். அறுத்துப் பார்த்தால் உள்ளேயும் அதே வெள்ளை, கிளை கிளையாக ஓடியிருந்தது. சிவப்பாக, பஞ்சு போல இருக்கவேண்டிய இடம் திட்டுத் திட்டாக மட்டுமே மிஞ்சியிருந்தது. வழக்கமாக ஒரு துண்டு எடுத்து அனுப்புவேன். அன்று எட்டுத் துண்டு எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்லைடுகள் மேசைக்கு வந்தன. நஞ்சுக்கொடிக்குள் குழந்தையின் ரத்தக் குழாய்களைச் சுமந்தபடி ஆயிரக்கணக்கான மெல்லிய முளைகள் இருக்கும். அவற்றைச் சுற்றித் தாயின் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தைக்கு வேண்டிய மூச்சும் சோறும் அந்த ரத்தத்திலிருந்துதான். அஞ்சலியின் ஸ்லைடில் ரத்தம் ஓடவேண்டிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாக ஏதோ ஊற்றி உறைய வைத்தது போல இருந்தது. அதற்குள் அந்த முளைகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாகப் புதைந்து கிடந்தன.

அந்த இளஞ்சிவப்புதான் ஃபைப்ரின். விஷமும் இல்லை, கிருமியும் இல்லை. விரலில் கத்தி பட்டால் ரத்தம் நிற்கிறதே, அதை நிறுத்துவது அதுதான். ரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு புரதம் சமயத்தில் இழைகளாகி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, காயத்தை மூடும். எல்லா நஞ்சுக்கொடியிலும் அது கொஞ்சம் இருக்கும், இருக்கவும் வேண்டும். சின்னச் சின்னதாகச் சிதையும் இடங்களை அது பூசி மெழுகி வைக்கிறது. அஞ்சலியின் உடம்பில் அந்தப் பூச்சு வேலை நிற்கவே இல்லை. ஏன் நிற்கவில்லை என்பது அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது.

இதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. அபூர்வம், ஆனால் ஒரு முறை வந்தால் அடுத்த கர்ப்பத்திலும் வரக்கூடியது. அதனால் சீட்டைத் திருப்பி முந்தைய பிரசவ விவரத்தைப் பார்த்தேன். 'முதல் பிரசவம்: 2004 அக்டோபர். இதே ஆஸ்பத்திரி. முப்பத்தைந்து வாரம். இறந்து பிறந்தது.'

ஜெபராஜிடம் 2004 ரிஜிஸ்டரை எடுக்கச் சொன்னேன். அக்டோபர் பதினான்காம் தேதியில் அஞ்சலியின் பெயர் இருந்தது. ஒரே ஒரு ஸ்லைடு. அதைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பார்த்த நொடியிலேயே தெரிந்தது. அதே இளஞ்சிவப்பு, அதே தனித்தனி முளைகள்.

ஜெபராஜ் அந்த ரிப்போர்ட்டின் நகலையும் எடுத்தார். 'மூன்றாம் பருவ நஞ்சுக்கொடி. ஃபைப்ரின் படிவு காணப்படுகிறது, இயல்பே.' கீழே என் கையெழுத்து. அபிதகுஜாம்பாள் என்கிற நீளமான பெயரைச் சுருக்காமல் போடும் ஆள் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான்.

அந்த அக்டோபர் நாளை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றேன். வரவில்லை. அன்று எனக்கு உடம்பு சரியில்லை என்றோ, அவசரக் கேஸ் என்றோ ஏதாவது இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. ஒன்றுமே இல்லை. அது ஒரு சாதாரண நாள். எல்லா நஞ்சுக்கொடியிலும் ஃபைப்ரின் இருக்கும், இதிலும் இருந்தது, எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுத்திருக்கிறேன்.

பிரசவம் பார்த்த டாக்டர் ஜெயஸ்ரீ என்னோடு படித்தவள். அவள் ஓ.பி. முடியும்வரை காத்திருந்து இரண்டு ஸ்லைடு விஷயத்தையும் சொன்னேன்.

"ஒரே ஒரு துண்டை வச்சு யாராலயும் சொல்லியிருக்க முடியாது, அபி. எத்தனை சதவீதம் இருக்குன்னு கணக்குப் பண்ணக்கூட குறைஞ்சது நாலு ஸ்லைடு வேணும்."

"சந்தேகம் வந்திருக்கணும் இல்லையா? மீதி நஞ்சு ஒரு வாரம் லேப்லயேதான் இருந்திருக்கும். இன்னும் நாலு துண்டு எடுக்க அஞ்சு நிமிஷம்."

அவள் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினாள்.

"இந்த ரிப்போர்ட்டை ஒழுங்கா குடு. அடுத்த தடவை நான் ஜாக்கிரதையா பாத்துக்கறேன். பழசை எதுக்குக் கிளறணும்? அவங்க மீனவக் குடும்பம். கோபம் வந்தா ஊரே கிளம்பி வரும்."

"வரட்டும்."

"நீ சொல்றதனால அந்தக் குழந்தை வரப்போகுதா?"

பொத்தேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோதும், குரோம்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோதும் அதையே யோசித்தேன். கடைசியில் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. 'இயல்பே' என்ற அந்தக் காகிதம் அஞ்சலியிடம் இருக்கிறது. நாளைக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதைத்தான் நீட்டுவாள். பார்க்கிற டாக்டர் அதை நம்பித்தான் மேற்கொண்டு யோசிப்பார். நான் வாயை மூடிக்கொண்டாலும் என் தப்பு பேசிக்கொண்டே இருக்கும்.

ஆறு வாரம் கழித்து அஞ்சலி செக்கப்புக்கு வந்தபோது, ஜெயஸ்ரீ அவளையும் அவள் கணவனையும் என் அறைக்கு அனுப்பினாள். பூவராகன் கட்டுமஸ்தான ஆள். படகில் போகிறவர். 2004 டிசம்பர் அலையில் படகு உடைந்து, அப்புறம் இன்னொருவர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். அஞ்சலி மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாள். முதல் கர்ப்பம் வரைக்கும் மீன் கூடை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் பக்கம் விற்கப் போனவள்.

அவர்களிடம் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். ஃபைப்ரின் வலை மாதிரி பின்னிக்கொள்ளும் என்று சொன்னதும் அஞ்சலி நிமிர்ந்தாள்.

"வலைன்னா தண்ணி பூந்து போவுமே டாக்டர்."

"போகும். ஆனா இங்க வலை மேல வலையா படிஞ்சுகிட்டே போயிடுச்சு. கடைசியில சுவரு மாதிரி ஆயிடுச்சு. உங்க ரத்தம் குழந்தைகிட்ட போகவே வழியில்ல."

"அது ஒரே நாள்ல ஆவுமா?"

"இல்ல. பல வாரம்."

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மொதல் கொழந்த அப்போ ஏழாம் மாசம் கேளம்பாக்கத்துல பஸ்ஸுல இருந்து எறங்கசொல்ல கூடையோட வுழுந்துட்டேன். அதனாலதான் போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. ரெண்டாவதுக்கு நான் வூட்ட வுட்டே எறங்கல. அப்பவும் போச்சு. அந்த மொத அடி உள்ளயே தங்கிகினு கீதுன்னு எங்க அத்த சொல்லுது."

"விழுந்து அடிபட்டா வேற மாதிரி இருக்கும்மா. நஞ்சுக்குப் பின்னாடி ரத்தம் கட்டி நிக்கும். ரெண்டு தடவையும் அப்படி எதுவும் இல்ல. நீங்க விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

அஞ்சலி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பூவராகன் அவள் முதுகில் கை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அவள் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, மீதியையும் சொன்னேன். முதல் நஞ்சுக்கொடியையும் பார்த்தது நான்தான் என்பதை. அதிலும் இதே வியாதி இருந்தது என்பதை. சரியாகப் பார்க்காமல் இயல்பு என்று எழுதினேன் என்பதை.

பூவராகனுக்குப் புரிய இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

"இன்னா டாக்டர் சொல்றீங்க? அப்ப ரெண்டு வருசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்?"

"ஆமா."

"தெரிஞ்சிருந்தா ரெண்டாவது கொழந்த பொழச்சிருக்குமா?"

"உறுதியா சொல்ல முடியாது. ஆனா அடிக்கடி ஸ்கேன் எடுத்திருப்பாங்க. வளர்ச்சி நின்ன உடனே ஆபரேஷன் பண்ணி வெளிய எடுத்திருக்கலாம். ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அந்த வாய்ப்பு என்னால போச்சு."

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. அடிப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். "ரெண்டு வருசம் எங்க ஆத்தா இவள பேசாத பேச்சில்ல. நானும்தான் பேசிக்கீறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அஞ்சலி நான் போட்ட படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அத்த நான் பாக்கலாமா?" என்றாள்.

"எதை?"

"அந்த நஞ்ச. நான் மீன் அறுக்கிறவ. பயப்பட மாட்டேன்."

இப்படி யாரும் கேட்டதில்லை. அனுமதிக்கலாமா என்றுகூட எனக்குத் தெரியாது. ஜெபராஜைக் கூப்பிட்டு, இந்த முறை தூக்கிப் போடாமல் மீதியைப் போட்டுவைத்திருந்த ஜாடியைக் கொண்டுவரச் சொன்னேன். அவள் கையில் கிளவுஸ் மாட்டிவிட்டேன். ஃபார்மலின் நெடியில் கண்ணில் நீர் வழிய, அவள் ஒரு துண்டை எடுத்துப் பெருவிரலால் அழுத்தினாள். வளைக்கப் பார்த்தாள். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல அறுத்த பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினாள்.

"இதுல எப்படி அது மூச்சு வுட்டிருக்கும்?" என்றாள். என்னைக் கேட்கவில்லை.

துண்டைத் திரும்ப ஜாடிக்குள் மெதுவாக வைத்தாள்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். ஆனா அந்தத் தப்பு ரிப்போர்ட் உங்க கையில இருக்கு. அடுத்து பாக்கற டாக்டரும் அதைப் பாத்து ஏமாந்துடுவாங்க."

"ரெண்டு வருசமா அந்த பஸ்ஸு படியில கால வெக்கசொல்ல எல்லாம் செத்துகினு இருந்தேன். அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சுக்கங்க."

கிளவுஸைக் கழற்றி எங்கே போடுவது என்று பார்த்தாள். ஜெபராஜ் வாங்கிக்கொண்டார்.

ஊர் கிளம்பி வரவில்லை. பழைய ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதி, 'முன்பு தவறாகக் குறிக்கப்பட்டது' என்ற வரியோடு தலைமை டாக்டரிடம் கொண்டுபோனேன். முகத்தைச் சுளித்தார், வக்கீலைக் கேட்கவேண்டாமா என்றார், மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அதைக் கோவளத்துக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வரவுமில்லை.

2007 செப்டம்பரில் ஒரு நாள் லேப் வாசலில் அஞ்சலி நின்றாள்.

"மூணாவது மாசம். ஜெயஸ்ரீ டாக்டர பாத்துட்டேன். உங்ககிட்டயும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இந்த தபா முழுசா பாருங்க."

ஜெயஸ்ரீ அதற்குள் ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் எடுத்திருந்தாள்; காரணம் என்று எதுவும் அகப்படவில்லை. தினம் ஓர் ஆஸ்பிரின் மாத்திரை. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி. அது பலன் தரும் என்று எங்களால் சத்தியம் செய்யமுடியவில்லை. உலகத்தில் அங்கங்கே ஓரிருவருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்குக் குழந்தை தங்கியிருக்கிறது, சிலருக்கு இல்லை. அதையும் அஞ்சலியிடம் அப்படியே சொன்னோம். யோசித்துவிட்டு, "போட்டுக்கிறேன்" என்றாள். நர்ஸிடம் இரண்டு நாள் கற்றுக்கொண்டு தன் வயிற்றில் தானே குத்திக்கொண்டாள். தொப்புளைச் சுற்றி நீலம் பாய்ந்த திட்டுகள்.

இருபதாவது வாரத்துக்கு மேல் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் ஸ்கேன். பூவராகன் கூடவே வருவார்; என்னைப் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வார். ஸ்கேன் முடிந்ததும் அஞ்சலி மட்டும் லேபுக்கு வந்து குழந்தையின் எடையைச் சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் அந்தக் கிழமைகளில் பதினொரு மணியிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு கிலோ. ஒரு கிலோ இருநூறு. ஒரு கிலோ நானூற்று ஐம்பது. முப்பத்திரண்டாவது வாரம் வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள்.

"ஏறவே இல்லியாம்" என்றாள்.

தொப்புள்கொடியில் ரத்த ஓட்டமும் குறைய ஆரம்பித்திருந்தது. குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட ஊசி போட்டு, வார்டில் வைத்து தினமும் பார்த்துக்கொண்டே, இன்னும் ஐந்து நாள் தள்ளினாள் ஜெயஸ்ரீ. அதற்குமேல் காத்திருக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. 2008 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை பகல் ஆபரேஷன்.

தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் பூவராகனும் அவருடைய அம்மா கன்னியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நஞ்சுக்கொடியை நானே நேரில் வாங்கிக்கொள்ளப் போயிருந்தேன். கன்னியம்மா என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து எழுந்தார்.

"அந்த நஞ்சு டாக்டரு நீங்கதானா?"

"ஆமாம்மா."

"அவ பஸ்ஸுல இருந்து வுழுந்ததால இல்லியா?"

"இல்லம்மா. உங்க பையன் சொல்லலையா?"

"சொன்னான். பொண்டாட்டிக்காவ சொல்றான்னு நெனச்சேன்." அவர் மறுபடி உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அழுகை கேட்டது. பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லியது. ஆனால் நிற்காமல் கேட்டது. பெண் குழந்தை. ஒரு கிலோ நானூற்று எண்பது கிராம்.

நஞ்சுக்கொடி என் கைக்கு வந்தபோது இன்னும் சூடாக இருந்தது. லேபுக்கு எடுத்துவந்து பலகையில் வைத்து அழுத்திப் பார்த்தேன். ஓரத்தில் விறைப்பு, நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு; மற்ற இடமெல்லாம் வளைந்துகொடுத்தது. பன்னிரண்டு துண்டு எடுத்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு ஃபைப்ரின். மீதி இடங்களில் முளைகளைச் சுற்றி ரத்தம் ஓடிய தடம் தெளிவாகத் தெரிந்தது.

ஊசிதான் காப்பாற்றியதா, இந்த முறை வியாதியே மெதுவாக வந்ததா, அல்லது சரியான வாரத்தில் வெளியே எடுத்ததுதானா என்று ஜெயஸ்ரீ கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் என்ன பார்த்தேனோ அதை எழுதினேன். தெரியாததைத் தெரியாது என்றும் எழுதினேன். அப்படி எழுத எனக்குப் பதினோரு வருட அனுபவம் தேவைப்பட்டிருக்கிறது.

குழந்தை முப்பத்தொரு நாள் இன்க்யூபேட்டரில் இருந்தது. நடுவில் மஞ்சள் காமாலை வந்து போனது. ஒரு முறை மூச்சு நின்று நர்ஸுகள் ஓடினார்கள். கன்னியம்மா அந்தக் கண்ணாடி அறை வாசலை விட்டு நகரவில்லை. மருமகள் பால் எடுத்துக் கொடுத்தால் கிண்ணத்தை மூடி உள்ளே அனுப்புவது அவர்தான். டிஸ்சார்ஜ் ஆன அன்று பூவராகன் லேபுக்கு வந்தார். வாசல்படிக்கு வெளியேயே செருப்போடு நின்றார்.

"டாக்டர், அந்த ரெண்டாவது கொழந்தைய நான் இன்னும் மறக்கல" என்றார்.

"நானும்தான்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

குழந்தை இறந்து பிறந்தாலும், எடை குறைந்து பிறந்தாலும் நஞ்சுக்கொடியைத் தூக்கிப் போடாமல் லேபுக்கு அனுப்பவேண்டும் என்று லேபர் வார்டில் ஒரு தாள் ஒட்டினோம். முதல் மாதம் நான்கு வந்தன. எல்லாவற்றிலும் நோய் இருக்கவில்லை. இல்லை என்று எழுதுவதற்கு முன் இப்போதெல்லாம் ஸ்லைடைத் திரும்ப ஒரு முறை வைக்கிறேன்.

அந்த வருட நவம்பரில், மழை விட்ட ஒரு காலையில் அஞ்சலி வந்தாள். இடுப்பில் குழந்தை, தலை நிறைய முடி. பின்னால் இன்னொரு பெண், ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி தயங்கி நின்றாள்.

"இவ காந்தா. எங்க தெருதான். இவளுக்கும் ரெண்டு தபா எட்டாம் மாசம் போயிடுச்சு டாக்டர். கூட்டியாந்தேன்."

"நஞ்ச எங்கயாவது சோதிச்சாங்களா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"இல்லீங்க. அத்த யாரும் பாக்கல" என்றாள்.

பையில் ஸ்கேன் படங்கள் மட்டும்தான் இருந்தன. மைக்ராஸ்கோப்பில் வைக்க எனக்கு ஒன்றுமே இல்லை. ஜெபராஜ் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ஜெயஸ்ரீக்குப் போன் செய்து வரச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டேன்.

"முதல் தடவையிலிருந்து சொல்லும்மா. ஒண்ணும் விடாம" என்றேன்.